ஏரிக்கரைப் பெட்டியும் எட்டு முதலாளிகளும்

1.

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றவில்லை. என் தலையில் கட்டினார்கள். கட்டியவர் ரோஸ்விதா பாகல், வயது எழுபத்திரண்டு, க்ராஸெனோ ஊரின் வரலாற்றுக் குறிப்பாளர். (தமிழில் 'பாகல்' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு நாக்கு கசக்கிறது. அவரோடு பழகியவர்கள் பெயர்ப்பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்பார்கள்.)

ஜெர்மனியின் வடகிழக்கு மூலையில், எங்கள் பக்கத்து ஊர் ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் உண்டு. சம்பளம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு பக்கம் எழுதவேண்டும்: யார் பிறந்தார், யார் செத்தார், நாரை எந்தத் தேதியில் வந்தது, எந்தக் களஞ்சியம் எரிந்தது. ஊரில் எதற்காவது வாய்ச்சண்டை முற்றினால் பதிவேட்டைத் திறப்பார்கள். அதில் இருப்பதுதான் கடைசி வார்த்தை.

நான் பஸ் ஓட்டுகிறவன். இருபத்தொரு வருஷமாக இதே தடம். மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பஸ்ஸில் ரோஸ்விதாவைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. எனக்குப் பின்னால் இருந்த இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார்.

"டிரைவர், நீ கதையெல்லாம் எழுதுவியாமே?"

"ஏதோ எழுதுவேன்."

"எந்த மொழியில?"

"தமிழ்ல."

"நம்ம ஊர்ல அதப் படிக்கத் தெரிஞ்சவங்க எத்தன பேரு?"

"நான் ஒருத்தன்தான்."

"மாவட்டத்துல?"

"எனக்குத் தெரிஞ்சு அதுலயும் நான்தான்."

"அப்ப சரி. ஒரு விஷயம் சொல்றேன், எழுது."

சொன்னார். கேட்டுக்கொண்டே இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிப் போய்விட்டேன். நல்லவேளை, அங்கே யாரும் நிற்கவில்லை. அவர் சொன்னது ஐந்தாம் பகுதியில் இருக்கிறது. பொறுமை இல்லாதவர்கள் நேரே அங்கே தாவலாம். எனக்கு வருத்தமில்லை. நடுவில் ஒரு கட்டடம் அறுநூறு வருஷம் நின்றுகொண்டிருக்கிறது, அதற்குத்தான் வருத்தமாக இருக்கும்.

2.

தொடக்கம் ஒன்று: "ஏரிக்கரையில் ஒரு கோட்டை இருந்தது."

அடித்துவிட்டேன். இருந்தது என்றால் இப்போது இல்லை என்றாகிவிடும். இருக்கிறது, கூரை ஒழுகிக்கொண்டு.

தொடக்கம் இரண்டு: "அறுநூறு வருடங்களாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் ஒரு கல். என் கதையைக் கேளுங்"

கல்லைப் பேசவைக்கிற எழுத்தாளனை அந்தக் கல்லாலேயே அடிக்க வேண்டும்.

தொடக்கம் மூன்று: "மூடுபனி இன்னும் விலகாத அந்தக் காலையில் ஏரியின் மேற்பரப்பு"

இதை முடிக்க முடியவில்லை. மேற்பரப்பு எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு உவமை வேண்டும். கண்ணாடியைத் தவிர எதுவும் வந்து தொலையவில்லை. இப்படியே கிடக்கட்டும்.

இன்னொரு தொல்லை, அதை எந்தப் பெயரால் அழைப்பது என்பது. பீரங்கி இருந்ததில்லை, ஆகவே கோட்டை என்றால் பொய். ராஜா இருந்ததில்லை, ஆகவே அரண்மனை என்றால் புளுகு. மாளிகை என்றால் ஏதோ திருமண மண்டபம் ஞாபகம் வருகிறது. ஊர்க்காரர்கள் 'பெட்டி' என்கிறார்கள். 'பெட்டிக்குப் பின்னால குளிக்கப் போறேன்' என்பார்கள். நானும் பெட்டி என்றே வைத்துக்கொள்கிறேன்.

3.

பெட்டியின் முதல் முதலாளி ஹென்னெக்கே. பள்ளிப் புத்தகத்தில் வீரர், பதிவேட்டில் மாட்டுத் திருடர். அக்கரை ஊர் மாடுகளைக் கட்டுமரத்தில் ஏற்றி ஏரியைக் கடத்திக் கொண்டுவருவார். மாட்டுக்குச் சொந்தக்காரர்கள் தேடி வந்தால் ஏறி ஒளிந்துகொள்ள ஒரு கோபுரம் வேண்டியிருந்தது. கோபுரத்துச் சுவரின் கனம் பன்னிரண்டு அடி. எவ்வளவு திருடினோம், எவ்வளவு பயப்பட வேண்டும் என்கிற கணக்கு மனிதருக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்து ஃபொன் டொர்னெவிட்ஸ் என்ற பிரபுக் குடும்பம், முந்நூறு வருஷம். தலைமுறைக்குத் தலைமுறை, மைத்துனன் வீட்டைவிட நம் வீட்டில் ஒரு ஜன்னலாவது கூட இருக்கவேண்டும் என்று கட்டிக்கொண்டே போனார்கள். கடைசி டொர்னெவிட்ஸ் கண்ணை மூடியபோது ஜன்னல் நூற்றுநாற்பது இருந்தது, குளிர்காய விறகு இல்லை.

மூன்றாமவர் லூமான், பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை காய்ச்சும் ஆலைக்காரர். தகரத் தொப்பி போட்ட இரண்டு கோபுரங்கள் அவர் உபயம். அவர் மனைவி ஒருநாள் காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஏரியைப் பார்த்திருக்கிறார். ஊர் ரொட்டிக்கடைக்காரர் பிறந்த மேனியாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். லூமான் பாதைக்குக் குறுக்கே சுவர் எழுப்பினார். உறைபனியில் மண் பொங்கிச் சுவர் விழுந்தது. மறுபடி கட்டினார், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை சுவரை விட்டுவிட்டு மனைவியின் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

நான்காவது, 1945இல் வந்த ரஷ்யப் பட்டாளம். மூன்று மாதம் இருந்தது. (அந்த மூன்று மாதத்தைப் பற்றி ஊர்ப் பெண்கள் பேசமாட்டார்கள். ரோஸ்விதாவின் அம்மாவும் சாகும்வரை பேசவில்லை. இந்த இடத்தில் எனக்கும் கேலி வரவில்லை. தாண்டிப் போகிறேன்.)

ஐந்தாவது முதலாளி, மக்கள். பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. முதலில் கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த முப்பத்தொரு குடும்பம், ஜன்னலுக்கு ஒரு அடுப்புக்குழாய் நீட்டிக்கொண்டு. பிறகு குழந்தைகள் பள்ளி. பிறகு கூரை ஓடு செய்யும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு விடுமுறை விடுதி, கீழே மளிகைக்கடை, கூடத்தில் சனிக்கிழமை டான்ஸ். மக்கள் என்றால் எல்லாரும், அதாவது யாரும் இல்லை. கூரை ஒழுகினால் யாரிடம் சொல்வதென்று தெரியாது. ஏரிக்குப் போக யாரையும் கேட்கவும் வேண்டாம். அந்த நாற்பது வருஷத்தில்தான் ஊரே உடுப்பில்லாமல் குளிக்கப் பழகியது. மேலதிகாரியும் அம்மணம், தபால்காரரும் அம்மணம். யாருக்கும் யார்மீதும் கண்ணில்லை. இன்றைக்கும் அப்படித்தான். (நானும்தான். முதல் வருஷம் மட்டும் டிரவுசரோடு இறங்கினேன். ஒரு கிழவர் வந்து, "என்ன தம்பி, ஏதாச்சும் தோல் வியாதியா?" என்று அனுதாபமாகக் கேட்டார்.)

கிழக்கு ஜெர்மனி என்ற அந்தப் பொதுவுடைமை நாடு போயிற்று. 1993இல் ஊராட்சி பெட்டியை விற்றது. ஆறாவதாக வாங்கியவருக்குக் கொல்ஃப் கனவு. பதினெட்டுக் குழி வேண்டும் என்றார். பெருச்சாளிகள் இருபத்தாறு போட்டுக் கொடுத்தன. ஏழாவது ஒரு அம்மா, மனச்சோர்வு பிடித்த குதிரைகளுக்கு ஆஸ்பத்திரி வைத்தார். குதிரைகள் தேறிவிட்டன, அம்மாவுக்குத்தான் மனசு விட்டுப்போய்க் கிளம்பினார்.

எட்டாவது ஹோல்ட்மான். கார்க்கொட்டகைக்குத் தானாகத் திறக்கும் கதவு செய்து விற்றவர். கதவு விற்றவன் வந்தால் என்ன செய்வான்? கதவு போடுவான்.

4.

போன வருஷம் மே மாதம் காலை ஆறு மணிக்கு, எப்போதும்போல ரோஸ்விதா தோளில் துண்டோடு லிண்டன் மரப் பாதைக்கு வந்தார். பாதை முடிகிற இடத்தில் ஏரி இருக்கவேண்டும். இரும்புக் கதவு இருந்தது. அதற்கு அந்தப்பக்கம் ஹோல்ட்மான், கையில் ரிமோட்டும் காபிக் கோப்பையுமாக நின்றிருந்தார்.

"காலை வணக்கம், திருமதி பாகல். இது இனிமே தனியார் இடம்."

"கதவத் தொறங்க. தண்ணி சூடாகுறதுக்குள்ள எறங்கணும்."

"மன்னிச்சுக்கோங்க, முடியாது."

"நாங்க அறுநூறு வருஷமா இங்கதான் குளிக்கிறோம்."

"உடுப்பே இல்லாமலா?"

"அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி நீச்சல் உடை எந்தக் கடையில கெடச்சுது?"

ஹோல்ட்மான் காதுவரை சிவந்துபோனார். கெட்டவர் இல்லை, கூச்ச சுபாவி. பேத்திகள் லீவுக்கு வருகிறார்கள், ஜன்னல் பக்கம் போகவிட முடியவில்லை என்று மெல்லச் சொன்னார். (இவரை முதல் வரைவில் வில்லனாக எழுதியிருந்தேன், சுருட்டு, தங்கச் சங்கிலி எல்லாம் கொடுத்து. அவர் எனக்கு பிளம்ஸ் கேக் கொடுத்த பிறகு எடுத்துவிட்டேன்.)

ஏரியின் மற்ற மூன்று பக்கமும் நாணல், சேறு, பறவைச் சரணாலயம். மனுஷன் கால் வைக்கக்கூடிய ஒரே கரை பெட்டிக்குப் பின்னால்தான். ஊர்த்தலைவர் டெட்லெஃப் வழக்குப் போட்டார். டவுனிலிருந்து வந்த வக்கீலம்மா 1993ஆம் வருஷ விற்பனைப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அதில் ஒரு கேள்வி: இந்த நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை வேறு யாருக்கேனும் உண்டா? பக்கத்திலேயே தட்டச்சில் பதில்: இல்லை. அடியில் அன்றைய தலைவர் எகோன் ரைமரின் கையெழுத்து.

"இது தெரியாம அடிச்சது, வாங்குனவருக்கும் அந்தப் பாத இருக்கறது தெரியும்னு அன்னிக்கு அந்த ரூம்ல இருந்த யாராவது சொன்னா, கேஸ் நிக்கும். இல்லன்னா படுத்துக்கும்" என்றார் வக்கீலம்மா.

எகோன் செத்து இருபது வருஷம். பத்திரம் எழுதிய நோட்டரி செத்தாயிற்று. கொல்ஃப்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊர் கையைப் பிசைந்தது. பிறகு வழக்கம்போல எகோனைத் திட்டியது.

எகோனைத் திட்டுவது எங்கள் ஊரில் உருளைக்கிழங்கு போடுகிற மாதிரி, வருஷா வருஷம் உண்டு. பாதையை அவர் கொல்ஃப்காரரிடம் ஒரு பெட்டி விஸ்கிக்கு விற்றார் என்பது கதை. சிலர் இரண்டு பெட்டி என்பார்கள். அவர் இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்கத் தீயணைப்புப் படையினர் வரவில்லை. இங்கே அவர்கள்தான் தூக்கவேண்டும். முப்பது வருஷம் அந்தப் படையில் இருந்தவர் எகோன். டவுனிலிருந்து நான்கு ஆட்களைக் கூலிக்கு வரவழைத்தார் அவர் மனைவி எடெல்கார்ட். பெட்டி விற்ற வருஷத்திலிருந்தே ஊர் விழா எதிலும் எடெல்கார்ட் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அவரும் விடாமல் வருவார், கடைசி வரிசையில் உட்கார்வார், கேக்கைத் தின்றுவிட்டுப் போவார்.

பதிவேட்டில் 1993ஆம் வருஷப் பக்கத்தைப் பார்த்தால் ஆலங்கட்டி மழை, நாரைக்கு நான்கு குஞ்சு, கோதுமை சுமார் என்று இருக்கிறது. பெட்டி விற்றதைப் பற்றி ஒரு வரி இல்லை.

5.

(தாவி வந்தவர்களே, வாருங்கள். உட்காருங்கள்.)

பஸ்ஸில் ரோஸ்விதா சொன்னது:

"அந்த 'இல்லை'ய அடிச்சது நான்."

1993இல் அவர் ஊராட்சி அலுவலகத்தில் குமாஸ்தா. விற்பனை நடந்த அன்றைக்கு அறுவடை விழா. வெளியே பேண்டு வாத்தியம். நோட்டரிக்கு ரயில் பிடிக்கிற அவசரம். படிவத்தில் விட்டுப்போன இடங்களை ரோஸ்விதா தட்டச்சில் நிரப்பிக்கொண்டிருந்தார். நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை வேறு யாருக்கேனும் உண்டா?

அவர் யோசிக்கவே இல்லை. யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. பிறந்ததிலிருந்து யாரும் யாரிடமும் கேட்டுக் குளித்ததில்லை. உரிமை என்று ஒன்று இருந்தால் அல்லவா அதைக் காகிதத்தில் எழுத? மூச்சுவிட அனுமதி உண்டா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"குளிக்கப் போறதுக்கு யாராவது பத்திரம் எழுதுவாங்களா டிரைவர்? நீயே சொல்லு. 'இல்லை'ன்னு அடிச்சேன். எகோன் படிக்காமயே கையெழுத்துப் போட்டான். நான் அடிச்சா தப்பு இருக்காதுன்னு அவனுக்கு நம்பிக்க. அந்தக் கொல்ஃப்காரரே பாதையில போய் ஒரு முழுக்குப் போட்டுட்டுத்தான் ரயிலேறுனாரு, ஈரத் தலையோட."

மூன்று மாதம் கழித்துக் கொல்ஃப்காரர் பாதையில் கயிறு கட்டினார். (ஊர்க்காரர்கள் தாண்டித் தாண்டிப் போனதில் கயிறு அறுந்தது, அது வேறு விஷயம்.) ஊர் எகோனைப் பிடித்து உலுக்கியது. எகோன் அலுவலகத்துக்கு வந்து கோப்பை எடுத்துப் பார்த்தார். தட்டச்சைப் பார்த்தார். ரோஸ்விதாவைப் பார்த்தார்.

"ஒண்ணுமே கேக்கல. 'கையெழுத்து என்னோடது'ன்னான். ஃபைல மூடி வச்சுட்டுப் போயிட்டான். நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன். எனக்கு ரெண்டு பிள்ள, புருஷன் ஓடிட்டான், அந்த வேல ஒண்ணுதான். அப்புறம் விஸ்கி கத கெளம்பிடுச்சு. சிரிப்பா இருந்துது, யாரு இத நம்பப் போறான்னு. நம்பிட்டாங்க. அப்புறம் அவன் செத்துட்டான். நான் எழுதுனேன், 'அடக்கம், மழை'ன்னு."

பஸ் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

6.

(இந்தப் பகுதியில் ரோஸ்விதாவின் இளமைக்காலம், ஒரு காதல், ஒரு படகு எல்லாம் இருந்தன. ஜெர்மனில் சொல்லிக் காட்டியபோது "இதெல்லாம் நீயா இட்டுக்கட்டுனது. படகெல்லாம் எனக்கு ஆகாது, வாந்தி வரும்" என்றார். நீக்கிவிட்டேன்.)

இன்னொரு தகராறும் நடந்தது. நான் புனைவு எழுதுகிறவன், ஆட்களைக் காப்பாற்றுவது என் கடமை என்று நினைத்து எல்லாருக்கும் வேறு பெயர் வைத்திருந்தேன்.

"இதுல என் பேரு எங்க வருது? படி."

"உங்களுக்கு மரகதம்னு வச்சிருக்கேன்."

"யாரு அந்த மரகதம்? நம்ம ஊருக்கு எப்பக் குடிவந்தா?"

"கற்பனைப் பேருங்க. உங்க பேரு வெளிய வரக் கூடாதுன்னு."

"பதிவேட்டுல இல்லாத ஆளு பெட்டி வித்த அன்னிக்கு எப்படி ஆபீஸ்ல உக்காந்திருப்பா? எகோனுக்கு என்ன வச்சிருக்க?"

"...சிங்காரம்."

"அடிப்பேன். எழுதுறதுன்னா பேரு, தேதி ரெண்டும் சுத்தமா இருக்கணும். யாரு படிக்கப் போறா? மாத்து."

மாற்றினேன். இந்த அம்மாளை எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருந்தது, எவ்வளவு நேரம் பிடிக்கவில்லை என்று என்னாலேயே சொல்ல முடியாது. ஒரு மனிதனின் பேர் முப்பத்தொரு வருஷம் நாறுவதை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தப் பேரை நான் மாற்றி எழுதியதற்கு அடிக்க வருகிறார்! கோபம் வந்தது. அதேசமயம், இந்தப் பாவம் அவரைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதும் தெரிந்தது. கதாபாத்திரத்தை எழுத்தாளன் வெறுக்கக்கூடாது என்பார்கள். சொன்னவர்கள் யாரும் கதாபாத்திரத்தை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதில்லை.

7.

ஆகஸ்டில் ஊருக்கு எழுநூறு வயது. தீயணைப்புக் கூடத்தில் விழா. அடுத்த வியாழக்கிழமை நீதிமன்றத்தில் விசாரணை. டெட்லெஃப் ரோஸ்விதாவின் வீட்டுக்கு வந்தார்.

"ரோசி, விழாவுல நீ பதிவேட்டப் படிக்கணும். எல்லாரும் தொண்ணூத்து மூணாம் வருஷத்தத்தான் கேக்குறாங்க. எகோன் பண்ண வேலைய ஒருதரம் வெளிப்படையா எழுதிப் படிச்சுடேன். ஜனங்க மனசு ஆறும்."

ரோஸ்விதா சாஸ்திரத்துக்கு இரண்டு தடவை இருமினார். பிறகு என்னைக் கை காட்டினார். நான் அங்கே கழிவுநீர்க் குழாய் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நான் வேணாம், தொண்ட சரியில்ல. டிரைவர் நம்ம பெட்டியப் பத்தி அவரு மொழியில ஒரு சரித்திரம் எழுதியிருக்காரு. அத அப்படியே அவரு மொழியில படிக்கட்டும்."

"யாருக்குப் புரியும்?"

"புரியணும்னு யாரு சொன்னா? மாவட்டத்துல உதவித்தொக வாங்குன விண்ணப்பத்துல 'பல பண்பாட்டு நிகழ்ச்சி'ன்னு எழுதியிருக்கியே, அது எங்க?"

டெட்லெஃபின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வரிக்கு என்ன செய்வதென்று ஆறு மாதமாக அவர் முழித்துக்கொண்டிருந்திருக்கிறார். பத்து நிமிஷம் போதும், கேக்குக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொண்டு போனார்.

"ஏம்மா இப்படி?" என்றேன்.

"ஊருக்கு முன்னாடி சொல்லிட்ட மாதிரியும் ஆச்சு, ஒருத்தருக்கும் தெரியாத மாதிரியும் ஆச்சு. எனக்கு இவ்வளவுதான் துணிச்சல் இருக்கு. குழாயப் பாரு."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் எழுத்தை நூற்றிருபது பேர் முன்னால் வாசிக்கும் வாய்ப்பு இந்த ஜென்மத்தில் இன்னொரு தடவை வராது என்று ஒரு அற்ப ஆசை. அதையும் எழுதி வைக்கிறேன்.

8.

நீங்கள் இதுவரை படித்த பகுதிகளைத்தான் வாசித்தேன், ஒன்றிலிருந்து ஐந்துவரை. என் பிழைப்பு எப்படி என்று பாருங்கள்: கல் ஜோக்குக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆனால் பெயர்கள் புரிந்தன. எந்த மொழியில் சொன்னாலும் ஹென்னெக்கே ஹென்னெக்கேதான். டெட்லெஃப் மைக்கைப் பிடுங்கி, "தெரிஞ்ச பேரு வந்தா கையத் தூக்குங்க!" என்று ஒரு விளையாட்டு ஆரம்பித்துவிட்டார். டொர்னெவிட்ஸுக்கு அறுபது கை. லூமானுக்கு எண்பது கையும் விசிலும். கொல்ஃப் என்றதும் கூடமே மேசையைத் தட்டியது. ஹோல்ட்மான் என்று வந்ததும் முன்வரிசையில் பிளம்ஸ் கேக் தட்டோடு இருந்த ஹோல்ட்மான் எழுந்து நின்று கும்பிடாத குறையாகத் தலைகுனிந்தார். சிரிப்பு.

பிறகு நான்காம் பகுதியின் கடைசிக்கு வந்தேன். எகோன் ரைமர். இரண்டு மூன்று கைகள் பழக்கத்தில் உயர்ந்து, பாதியில் நின்றன. ஐந்தாம் பகுதி. ரோஸ்விதா. எகோன். ரோஸ்விதா. எகோன். கைகள் எல்லாம் இறங்கிவிட்டன. பெயரும் தேதியும் சுத்தமாக இருக்கவேண்டும் என்றாரே, சுத்தமாகவே இருந்தன.

"நிறுத்து."

கடைசி வரிசை. எடெல்கார்ட் ரைமர் எழுந்து நின்றிருந்தார். இரண்டு பக்கமும் காலி நாற்காலிகள்.

"எம் புருஷன் பேரு திரும்பத் திரும்ப வந்துது. ஒவ்வொரு தடவையும் பக்கத்துல இவ பேரு. என்ன எழுதியிருக்க?"

டெட்லெஃப் ஓடினார். "எடெல்கார்ட், அது சும்மா கத. கற்பன."

"கற்பனைக்கு எதுக்கு எகோன்? முப்பத்தொரு வருஷமா நீங்க எல்லாரும் அவரப் பத்திக் கற்பனதான பண்ணிக்கிட்டு இருக்கீங்க? பத்தலன்னு இப்ப வேற மொழியிலயும் ஆரம்பிச்சாச்சா?" குரல் நடுங்கியது, அவர் நடுங்கவில்லை. "டிரைவர், நீ நல்லவன்னு நெனச்சுட்டு இருந்தேன். அத நம்ம மொழியில சொல்லு."

ரோஸ்விதாவைப் பார்த்தேன்.

9.

முடிவு அ: "வெறும் கதை அம்மா" என்று சொல்லிவிடுகிறேன். எல்லாரும் கேக் தின்கிறார்கள். வியாழக்கிழமை வழக்கு படுத்துவிடுகிறது. (எழுதிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த ஊரில் எப்படி பஸ் ஓட்டுவது என்று தெரியவில்லை.)

முடிவு ஆ: நான் மொழிபெயர்க்கிறேன். உண்மை வெளியே வருகிறது. ஆனால் என் வாயிலிருந்து. முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகும் எடெல்கார்டுக்கு அதை இன்னொருவன்தான் சொல்கிறான்.

முடிவு இ: எடெல்கார்டுக்கு எல்லாம் முன்பே தெரியும். எகோன் சாகும்போது சொல்லிவிட்டார், சத்தியமும் வாங்கிக்கொண்டார். (வாசகர்கள் இதை விரும்புவார்கள். கண்ணீர்கூட வரும். எனக்கே வந்தது, அதனால்தான் சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.)

நடந்தது இது. ரோஸ்விதா எழுந்தார். மேடைக்கு வர மூன்று படி, ஒவ்வொன்றுக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். என் கையிலிருந்த காகிதங்களை வாங்கினார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"தொண்ணூத்து மூணுல, பத்திரத்துல அந்த 'இல்லை'ய அடிச்சது நான். எகோன் இல்ல. விஸ்கியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவனுக்குத் தெரியும், தெரிஞ்சும் என்னக் காட்டிக் கொடுக்கல. நான் வாயத் தொறக்கல. அவன் பொணத்தத் தூக்க ஆள் இல்லாம நின்னப்பவும் தொறக்கல. வியாழக்கெழம கோர்ட்லயும் இதையே சொல்றேன். எடெல்கார்ட், நான் உன்கிட்ட"

இங்கே அவர் நிறுத்திவிட்டார். இது நான் பாதியில் விட்ட வாக்கியம் இல்லை. அவர் விட்டது.

வக்கீலம்மா எதையோ அவசரமாக எழுதிக்கொண்டிருந்தார். ஹோல்ட்மான் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். தீயணைப்புப் படை ஆட்கள், அன்றைக்குச் சவப்பெட்டி தூக்க வராதவர்கள், சீருடையில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார்கள். எடெல்கார்ட் கடைசி வரிசையிலிருந்து வெளியே வந்தார். நடுப்பாதையில் நடந்தார். மேடைக்கு இரண்டடி முன்னால் நின்று, ரோஸ்விதாவை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார்.

அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் நின்றேன். எழுதமாட்டேன். அந்தக் குடும்பத்தைப் பற்றி ஊர் முழுக்க ஆளாளுக்கு எழுதித் தீர்த்தாயிற்று, அவர் ரோஸ்விதாவிடம் பேசிய முதல் வார்த்தையையும் நான் எடுத்து என் கதைக்கு முடிவாக ஒட்டிக்கொள்வது அநியாயம்.

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், தடையில்லை. ஆனால் எடெல்கார்ட் மன்னித்தார் என்று எழுதுவதாக இருந்தால், முதலில் போய் அந்தக் கடைசி வரிசையில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்துவிட்டு வந்து எழுதுங்கள்.